கப்பல் ஏற்றிவிட்டால் தீர்ந்ததா?
குழந்தைகளும் சட்டமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டு, சோழர் கடற்படை என்று எழுதுவதே என் வழக்கம். இம்முறை குழந்தைகள் மீது நடக்கும் பாலியல் கொடுமையை நம் நாட்டுச் சட்டம் எப்போது கண் திறந்து பார்த்தது என்பதை எழுதுகிறேன். விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பத்து வயதுக் கணக்கு

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இந்தத் தீவில் வந்து இறங்கினார். பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களை நாடு கடத்தி இங்கே கொண்டு சேர்த்தது, 1860-இல் இயற்றி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம். கொலைக்கும் கொள்ளைக்கும் அவ்வளவு கடுமை காட்டிய அதே சட்டப் புத்தகம், பெண் குழந்தைக்கு வைத்த பாதுகாப்பு வயது என்ன தெரியுமா? பத்து. பத்து தாண்டிவிட்டால் அவள் 'சம்மதம்' கொடுக்க வல்லவள் என்று கணக்கு. மனைவிக்கும் அதே பத்துதான். அதற்கு மேல் கணவன் மீது வன்புணர்ச்சி வழக்கே கிடையாது.

1890-இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, வயதில் மிக மூத்த கணவன் ஹரி மோகன் மைத்தியின் செயலால் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு இறந்துபோனாள். அவளுக்குப் பதினோரு வயது இருக்கலாம். பத்து தாண்டியவள் என்பதால் வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. கொடுங்காயம் விளைவித்ததாகச் சொல்லி ஓராண்டு கடுங்காவல், அவ்வளவுதான். நம் தீவின் வழக்குகள் இன்றைக்கும் மேல்முறையீட்டுக்குப் போவது கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு என்பதால், இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

அந்தச் சிறுமியின் சாவுதான் 1891-இல் வயதைப் பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்துக்கு வேகம் கொடுத்தது. அதற்கே நாடு முழுக்கக் கூச்சல். திலகர் போன்ற பெரிய தேசத் தலைவரே, அந்நிய அரசு நம் மதத்தில் கை வைக்கலாமா என்று எதிர்த்தார். வெளியாட்களைப் பொறுத்தமட்டில் வயது 1925-இல் 14, பிற்பாடு 16 என்று படிப்படியாக ஏறியது. மனைவிக்கோ எப்போதும் ஒரு படி குறைவு. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட மனைவியும் குழந்தையே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல்.

ஆண் பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை

இத்தனை விவாதத்திலும் ஆண் பிள்ளையைப் பற்றிப் பேச்சில்லை. அவனுக்கு இருந்தது 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற 377-ஆம் பிரிவு ஒன்றுதான். கோவாவில் 'குருகுலம்' என்ற பெயரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் நடத்திய பிரெடி பீட்ஸ் 1991-இல் பிடிபட்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. ஊரார் தர்மவான் என்று நம்பிய மனிதர்! 1996-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அதில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குமேல் ஆண் பிள்ளைகள். பெரும்பாலானோர் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு ஆய்வு வேண்டியதில்லை.

நானும் இருந்த பஞ்சாயத்து

தொண்ணூறுகளின் நடுவில், நம்மவர் குடும்பம் ஒன்றில் ஒன்பது வயசுப் பையன், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆளைப் பற்றி அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டான். அந்த ஆள் எல்லா வீட்டுக்கும் வேண்டியவர், கோயில் காரியம் என்றால் முதலில் நிற்பவர். எங்கள் குடோனில் ஐந்து பேர் கூடினோம். விஷயம் வெளியே போனால் பையனுக்கும் அசிங்கம், நம்மவருக்கும் அசிங்கம் என்று பேசி, அடுத்த கப்பலில் ஆளை மெட்ராசுக்கு அனுப்பினோம். பங்க் கிளாஸ் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவன் நான். பெரிய நியாயம் செய்த திருப்தியோடு கடையைத் திறந்தேன்.

பையன் அதற்குப்பின் படிப்பில் பின்தங்கினான், ராத்திரி தூக்கத்தில் அலறுவானாம். வயசுக் கோளாறு என்றோம். முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் கடைக்கு வந்தவன் கேட்டான்: "நயினார் மாமா, அன்னைக்கு அஞ்சு பேர் இருந்தீங்களே, என்னை ஒருத்தர்கூட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை? நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டு இருந்தேன்." என்னிடம் பதில் இல்லை. எறும்புக்கும் தீங்கு செய்யாதே என்று போதிக்கும் குடியில் பிறந்தவன் நான்.

வெள்ளைக்காரன் குற்றவாளிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினான். நாங்கள் இங்கிருந்து அங்கே அனுப்பினோம். அவனாவது விசாரித்துத் தீர்ப்பெழுதி அனுப்பினான். அந்த ஆள் போய்ச் சேர்ந்த ஊரிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்றைய சட்டம்

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் காக்கிறது. தகாத தொடுதலும், தொடாமலே செய்யும் ஆபாசத் தொல்லையும் அதில் குற்றம். ஆடைக்கு மேல் தொட்டாலும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. இதன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்று இந்தச் சட்டம் இருந்திருந்தால் நாங்கள் ஐந்து பேரும் கூண்டில் நின்றிருப்போம்.

இத்தகைய ஆட்களுக்குக் கொம்பு முளைத்திருக்காது. நாட்டின் குற்றப் பதிவுக் கணக்குகள் ஆண்டுதோறும் காட்டுவது, இவ்வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் குழந்தைக்குத் தெரிந்தவரே குற்றவாளி என்பதைத்தான். முதலில் வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார்கள், பிறகு குழந்தையின் நம்பிக்கையை. கடைசியில் 'சொன்னால் உன்னை யாரும் நம்பமாட்டார்கள்' என்பார்கள். நாம் நம்ப மறுக்கும்போது அவர்கள் சொன்னதை நாமே மெய்யாக்கிவிடுகிறோம். குழந்தை தூங்காமல், பேசாமல், காரணமில்லாமல் ஒருவரைக் கண்டு ஒதுங்கினால் பொறுமையாகக் கேட்க வேண்டும். வீட்டார் நம்பித் துணை நின்றால் பிள்ளைகள் தேறி வருவார்கள் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு புகார் வந்தால் தயவுசெய்து பஞ்சாயத்து வைக்காதீர்கள். 'நீ தப்பு செய்யலை கண்ணு' என்று முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள். பிறகு 1098-க்குப் போன் செய்யுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இதை அச்சிட எனக்கு அனுமதி கொடுத்தவன் அந்தப் பையன்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.