இரண்டு சூரியன் பார்த்த பயணிகள்

பெர்த்திலிருந்து லண்டனுக்கு நடுவில எங்கேயும் இறங்காத விமானத்தை 2018 மார்ச்சில் குவாண்டாஸ் ஆரம்பித்தது. சுமார் 14,500 கி.மீ., பதினேழு மணி நேரத்துக்கு மேல். "அம்மாடி, முதுகு என்னத்துக்கு ஆகும்!" என்று அலுத்துக்கொள்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இருந்த விமானப் பாதை அதோடு அறுந்து போச்சு. மிச்சம் இருந்தது ஒரே வழி: பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி நேரா இலங்கை. சுமார் 5,650 கி.மீ., கீழே வெறும் தண்ணி.

1943 நடுவில் குவாண்டாஸ் இதைத் தொடங்கியது. விமானம், கேட்டலினா என்ற பறக்கும் படகு. பெர்த்தில் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி, காலி பக்கத்துல இருக்கிற கொக்கல ஏரியில் இறங்கும். கொக்கல நமக்குப் புதுசில்லை. 1942 ஏப்ரல் 4 அன்று இங்கிருந்து போன ஒரு கேட்டலினாதான் ஜப்பானியக் கப்பற்படை வருவதைப் பார்த்துச் சொன்னது. மறுநாளே கொழும்பில் குண்டு விழுந்தது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் இதுதான். இந்த விமானத்தளத்துக்காக ஊர் ஜனங்களையே காலி பண்ண வைத்தார்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். வேகம் மணிக்கு 200 கி.மீ. சொச்சம். ஆக 27 முதல் 33 மணி நேரம் வானத்திலேயே! ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைப் பார்க்கலாம். அதனாலேயே "இரட்டைச் சூரியோதயம்" என்று பேர் வந்தது. பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

எரிபொருளை ரொம்பி வழிய ஏத்தினதால் மிஞ்சின இடம் மூன்றே பயணிகளுக்கும் சுமார் 69 கிலோ தபாலுக்கும்தான். துப்பாக்கி கிடையாது. எதிரி காதில் விழக்கூடாதென்று ரேடியோவும் மௌனம். வழி காட்டியது நட்சத்திரங்கள். விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரெஸ், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்கள்தான். கிளம்பின முதல் சில மணி நேரத்தில் ஒரு இஞ்சின் நின்றால் பாரம் தாங்காது, கடல்தான் கதி.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை! அதிகபட்சம் ஒரு தடவை 32 மணி 9 நிமிடம். வணிக விமானச் சேவையில் அந்தச் சாதனையை எந்த ஜெட்டும் இன்னும் தொடவில்லை.

போர் முடிந்ததும் என்ன ஆச்சு? அமெரிக்கக் கடன் ஒப்பந்தத்தில் வந்த விமானங்களை வணிகத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது என்று விதி. கொண்டுபோய்க் கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள். பெரும்பாலானவற்றை, இரண்டு வருஷம் விழாமல் தாண்டின அதே கடலில்!

அந்த 69 கிலோவில் எத்தனை அம்மாக்களுக்கான கடிதம் இருந்திருக்கும்? எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. உங்களுக்கு?