ஒரே சட்டம், அறுநூறு முகம்

பள்ளி அடையாள அட்டைக்காக அறுநூறு பிள்ளைகளைப் படமெடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்குத் திரும்பினால், வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கேமராவை நிமிர்த்தி எடுத்த படம் 4000-க்கு 6000 பிக்சல். அட்டைக்கு வேண்டியதோ 35-க்கு 45 மில்லிமீட்டர். 300 டிபிஐ கணக்கில் 413-க்கு 531 பிக்சல். ஒவ்வொன்றாகத் திறந்து வெட்டினால், படத்துக்கு அரை நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம் போய்விடும். மொத்தமாக முடிக்க நான் மாற்றி மாற்றிப் புழங்குவது இர்ஃபான்வியூவும் இமேஜ்மேஜிக்கும்.

போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இல் வெளியிட்ட விண்டோஸ் மென்பொருள் இர்ஃபான்வியூ. சொந்த உபயோகத்துக்கு இலவசம். தொழிலுக்கென்றால் காசு கட்ட வேண்டும், அதைக் கட்டிவிடுவதுதான் நியாயம். 'பி' விசையை அழுத்தினால் மொத்த மாற்றத்துக்கான ஜன்னல் திறக்கும். அகலம், உயரம், வெட்டு தொடங்கும் மூலை என்று கட்டங்களை நிரப்பிவிட்டுப் போகலாம். புதிதாக வந்த பையனுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இமேஜ்மேஜிக்கில் ஜன்னலை நம்பிப் பயனில்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். டூபாண்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கிய இது, 1990-இல் பொதுவில் விடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும். இதன் குணமே, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்வது. முதலில் நடுவிலிருந்து 2800-க்கு 3600 வெட்டு, பிறகு 413-க்கு 531 ஆகச் சுருக்கு என்றால் அப்படியே செய்யும். படத்தை நிமிர்த்தச் சொல்ல மறந்தாலோ வம்பு. நிமிர்த்திப் பிடித்த கேமராவும் படத்தைப் பெரும்பாலும் படுக்கையாகவே பதிந்து, 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் ஒட்டிவைக்கும். கட்டளை அந்தக் குறிப்பைப் பாராமல் படுத்த படத்திலேயே வெட்டும். திறந்து பார்த்தால் நெட்டையாக வர வேண்டிய சட்டம் அகலமாக வந்து நிற்கும். இன்னொன்று, 'மோக்ரிஃபை' கட்டளைக்கு வேறு ஃபோல்டரைக் காட்டாவிட்டால் மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். ஒருமுறை என் அவசரத்தில் அப்படி ஒரு வகுப்பையே தொலைத்தேன். மெமரி கார்டை அழிக்காதிருந்ததால் பிழைத்தேன்.

ஆனாலும் வருடா வருடம் வரும் வேலைக்கு நான் இமேஜ்மேஜிக் பக்கம்தான். கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அடுத்த ஜூனில் அப்படியே ஓடும். என்ன செய்தோம் என்பதும் எழுத்தில் இருக்கும். இர்ஃபான்வியூவிலும் அமைப்பைச் சேமிக்கலாம்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டோம் என்று மறுபடி ஜன்னல் ஜன்னலாகத் தேட எனக்குப் பொறுமை இல்லை.

சுருக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது வெறும் கணக்கு. வெட்டுவதுதான் சங்கடம். நான் சொல்லும் இந்த முறையில் இரண்டுக்குமே முகம் தெரியாது. ஆறாம் வகுப்புச் சிறுவனுக்குப் பொருந்திய சட்டம், பன்னிரண்டாம் வகுப்பு நெட்டையனின் நெற்றியைச் சீவிவிடும். அதனால் இப்போது ஏற்றி இறக்கும் ஸ்டூலோடு போகிறேன். தரையில் டேப் ஒட்டி, வகுப்புக்கு வகுப்பு உயரத்தைச் சரிசெய்கிறேன். வெட்டு முடிந்ததும் சின்னப் படங்களாக வரிசையாகப் பரப்பி ஓட்டிப் பார்ப்பேன். போன முறை தேறாதவை பதினேழு. அவற்றை இர்ஃபான்வியூவில் திறந்து, மவுஸால் இழுத்து, ஒவ்வொன்றாகத்தான் வெட்டினேன்.