தோட்டத்து வீடும் பிள்ளையின் எழுத்தும்

தோட்டப்புறப் பிள்ளைகள் எழுத்தறிவில் பின்தங்கியதற்குப் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று கூறுவது நெடுங்கால வழக்கம். துரைமாரும் கூறினர், நம்மவருள் கற்றோரும் கூறினர். வட சிலாங்கூரின் தோட்ட வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவார்க்கு இக்கூற்றில் பாதியே உண்மை என்பது விளங்கும். வீட்டாரின் மனப்போக்கு பிள்ளையின் படிப்பை உருவாக்கியது மெய். அம்மனப்போக்கை உருவாக்கியது எது என்பதை மட்டும் எவரும் வினவவில்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தெனமாரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வாணிக முறையில் பயிரிட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. இத்தோட்டங்களுக்குக் கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. சட்டத்திற்காக எழுந்த பள்ளிகள் பல, ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாக நின்றன. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்ன இடங்களும் உண்டு.

பள்ளி இவ்வாறிருக்க, லயத்து வீட்டின் பொழுது எவ்வாறு கழிந்தது? விடியுமுன் பெரட்டு. தந்தையும் தாயும் ஒருசேரப் பால்வெட்டுக்குப் போவார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். அது இயலாதபோது மூத்த பெண்ணின் இடுப்பில் ஏறும். அன்று அப்பெண்ணுக்குப் பள்ளி இல்லை. பையன் பள்ளியிலிருந்து திரும்பினால் தாயின் நிறையில் கட்டிப்பால் பொறுக்கப் போவான். மாலையில் அடுப்பு, தண்ணீர், உறக்கம். ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்க அவ்வீட்டில் யாருக்கு ஓய்வு இருந்தது? தொடக்க வகுப்புகளோடு பள்ளி முடிந்துவிடும். அதன்பின் படித்தவனும் படியாதவனும் ஒரே பெரட்டில் நின்று ஒரே மரத்தை வெட்டினர். இதைக் கண்ணால் கண்ட தாய், மகளைப் பள்ளியினின்று நிறுத்தியபோது அவள் செய்தது ஒரு கணக்கு. அக்கணக்கில் பிழை கண்டுபிடிப்பது எளிதன்று.

அதே தோட்டத்தில் கிராணியின் வீட்டைப் பாருங்கள். கிராணிமாருள் யாழ்ப்பாணத்தார் பலர். அவர்தம் ஊரில் 1816 முதலே அமெரிக்க மிஷன் பள்ளிகள் வேரூன்றியிருந்தன. எழுத்தால் உத்தியோகமும், உத்தியோகத்தால் வீடும் நிலமும் வந்ததை அக்குடும்பங்கள் இரு தலைமுறையாகக் கண்டவை. ஆதலின் அவ்வீட்டுப் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. இரு வீட்டிலும் பேசப்பட்டது தமிழே. ஒரு வீட்டில் எழுத்து சோறு போட்டது; மற்றதில் போடவில்லை.

லயத்தில் எழுத்து அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து கடிதம் வரும். ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்கள் வரும். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் பின்னர் வந்தன. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே அந்நாளைய வாசிப்பு. செக்ரோலில் கைநாட்டு வைத்த தந்தை, பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தன் மகனை அழைத்தால், அந்நேரத்தில் அவ்வீட்டில் பெரிய மனிதன் அந்தச் சிறுவன்தான். எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்கு அதைவிட நல்ல காரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட நூல் இங்கு நினைக்கத்தக்கது. கரோலினா வட்டாரத்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் பழகி எழுதியவர் அவர். கதையும் பேச்சும் செழித்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் தடுமாறியதையும், வீட்டுச் செல்வத்தைப் பள்ளி அறியாதிருந்ததையும் அவர் காட்டினார். தாலாட்டும் விடுகதையும் அறிந்து வந்த நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர்க்குக் கல்வியில் ஆர்வமில்லை என்போர் 1941ஐ மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டு கிள்ளானில் மூண்டு சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்தினர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், துரையின் முன் மிதிவண்டியினின்று இறங்காமற் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. நாதன் நாடுகடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கைநாட்டு வைத்தவர்கள் பிள்ளையின் படிப்பையும் சேர்த்துக் கேட்ட போராட்டம் அது.

ரசாக் அறிக்கை 1956இல் வந்தபின் தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்பினுள் இடம்பெற்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகினர். ஆறாம் வகுப்புக்கு அப்பாலும் வழி தெரிந்தது. வழி தெரிந்த அளவுக்கு வீடும் மாறியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் வகுப்பையும் தேசியக் கல்வி அமைப்பில் சேர்த்தது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் சேர்ந்துவிட்டன. இன்று பெரட்டுக்குப் பதிலாக ஆலையின் இரவு வேலை இருக்கிறது; தாய் வீடு திரும்பும் வேளையில் பிள்ளை பள்ளி வண்டியில் ஏறுகிறது.