தோட்டக்காரர் பெயரில் ஒரு கொடி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் பலருக்குத் தோட்டம் என்றால் பால்கனிதான். அங்கே வைக்க மணக்கும் கொடி ஒன்று கேட்டால் நான் ஹோயாவைச் சொல்வேன். ரயில் பாதையோரம் முளைத்துக் கிடக்கும் எருக்குக்கு இது சொந்தம். கிள்ளினால் பால் வடியும். மெழுகில் வார்த்தாற்போன்ற நட்சத்திரப் பூக்கள் குடைபோலக் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும், எருக்கம்பூவில் இருப்பது போலவே, சின்னதாய் ஒரு கிரீடம். பொழுது சாய்ந்தபின் வாசம் ஏறும்.

1810-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் எருக்குக் குடும்பத்தை ஆராய்ந்தபோது இந்தக் கொடிகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். லண்டனுக்கு அருகே சையன் மாளிகையில் நார்தம்பர்லேண்ட் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் தாமஸ் ஹாய். பிரபுவை விட்டுவிட்டுத் தோட்டக்காரர் பெயரைத்தான் பிரவுன் கொடிக்குச் சூட்டினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை வந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியச் செடிகளை 2,101 படங்களாக அச்சிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹோயாவும் அதில் உண்டு. படங்களை வரைந்த நம்மவர்கள் ரங்கையா, கோவிந்து. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் வைத்தார்.

2009-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் 28 வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தமாக்குமா என்று சோதித்தார்கள். பென்சீன் போன்ற ஆவிகளை இழுப்பதில் ஹோயா முன்வரிசையில் நின்றது. ஆனால் அது மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் நடந்த சோதனை. ஆலைப் புகைக்கு ஒரு தொட்டிச் செடி மருந்தாகாது. பூவுக்காகவும் வாசத்துக்காகவும் வளர்ப்போம்.

காட்டில் மரத்தைத் தொற்றி வாழும் கொடி இது. களிமண்ணை அடைத்தால் வேர் அழுகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மக்கிய எரு போதும். தொட்டியும் சிறியதாகவே இருக்கட்டும். காலை வெயில் படலாம், சித்திரை மாத உச்சி வெயில் ஆகாது. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பூ உதிர்ந்ததும் காம்பை மட்டும் நறுக்கிவிடாதீர்கள். அடுத்த கொத்தும் அதே காம்பில்தான் வரும்.