மென்சியஸின் அரசியற் சிந்தனையும் சீன அரசும்

கி. பி. 1394 ஆம் ஆண்டிலே, சீனத்தின் மிங் வம்சத்து முதற் பேரரசரான ஹொங்வுவின் ஆணைப்படி, லியூ சான்வு என்னும் முதிய அறிஞர் மென்சியஸின் நூலைச் சுருக்கி வெளியிட்டார். சுருக்கம் என்பது பெயரளவிலேயே. உண்மையில் அந்நூலினின்றும் 85 பகுதிகள் களையப்பட்டன. களையப்பட்ட பகுதிகளிலிருந்து அரச தேர்வுகளில் வினா எழுப்புதலாகாது எனவும் விதிக்கப்பட்டது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மறைந்துபோன ஓர் ஆசிரியரைக் கண்டு, எல்லா வல்லமையும் பொருந்திய ஒரு பேரரசர் அஞ்ச நேர்ந்தது ஏன் என்பது ஆராயற்பாலது.

மென்சியஸ் வாழ்ந்தது கி. மு. நான்காம் நூற்றாண்டு. சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்க முயன்ற போர்க்காலம் அது. கொன்பூசியஸின் வழிவந்தவரான அவர், அரசவைகள்தோறும் சென்று மன்னருக்கு அறிவுரை கூறினார். மக்களே முதன்மையானவர், அவர்க்குப் பின்னரே அரசு, மன்னன் இறுதியிலேயே வைத்து எண்ணத்தக்கவன் என்பது அவரது துணிபு. அமைச்சரைப் புல்லாகவும் மண்ணாகவும் நடத்தும் மன்னன், அவர்களாற் பகைவனாகக் கருதப்படுவதில் வியப்பில்லை என்றும் அவர் கருதினார். கொடுங்கோலனைக் கொல்லுதல் அரசகொலை ஆகாதென்றும், அவன் அரசன் என்னும் தகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டவன் என்றும் வாதிட்டார். இக்கருத்துகளே பின்னர் வெட்டப்பட்டன.

ஹொங்வுவின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1328 இல் வறிய உழவர் குடியிற் பிறந்தவர் அவர். 1344 இல் பஞ்சமும் கொள்ளைநோயும் பெற்றோரைக் கொண்டுசெல்ல, பௌத்த மடத்தில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, மொங்கோலிய ஆட்சியைத் துரத்தி, 1368 இல் அரியணை ஏறினார். கெட்ட ஆட்சியை மக்கள் தூக்கியெறியலாம் என்ற கோட்பாட்டுக்கு அவரே வாழும் சான்று. ஏணியால் ஏறியவர் ஏணியை அகற்ற முனைந்தார் எனலாம். 1370களின் தொடக்கத்திலேயே கொன்பூசியஸ் ஆலயத்தினின்று மென்சியஸின் பெயர்ப்பலகையை அகற்றுமாறு அவர் பணித்தார். எதிர்ப்பவர் அம்புக்கு இரையாவர் என எச்சரித்திருந்தும், சியென் தாங் என்ற அமைச்சர் மென்சியஸின் பொருட்டு இறப்பது பெருமையே எனக்கூறி அரசவையிற் போய் நின்றார் என மிங் வரலாறு கூறும். பலகை மீண்டும் வைக்கப்பட்டது. ஆனால் நூல் தப்பவில்லை.

வெட்டிய நூலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1313 முதல் தேர்வுப் பாடமாயிருந்த ஒரு நூலைக் கற்றோர் மனத்தினின்றும் துடைத்தல் எளிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுநூல் மீண்டும் வழக்குக்கு வந்தது. 1663 இல் ஹுவாங் சொங்சி முடியாட்சியைக் கண்டித்து எழுதிய நூல் இம்மரபிலே எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சீர்திருத்தவாதியான லியாங் சிச்சாவோவும் அவர்தம் நண்பர்களும் அதனை மறைவாக அச்சிட்டுப் பரப்பினர்.

இருபதாம் நூற்றாண்டு கொன்பூசிய மரபு முழுவதையுமே கூண்டிலேற்றியது. 1919 இன் மே நான்கு இயக்கத்தினர் அதனைப் பிற்போக்கின் வேரெனக் கண்டனர். பெண்ணடிமையும் மூத்தோர் ஆதிக்கமும் அதன் நிழலில் வளர்ந்தமையால் அக்குற்றச்சாட்டை முற்றாக மறுத்தல் இயலாது. 1966 இல் செங்காவலர் கொன்பூசியஸின் ஊரான சூபுவிற் கல்லறைகளைச் சிதைத்தனர். 1974 இல் நாடெங்கும் நடந்த இயக்கம் கொன்பூசியஸை அடிமையுடைமையாளரின் பேச்சாளர் என்றது. நூல்களை எரித்த சின் பேரரசரையோ போற்றியது.

பின்னர் காற்று திசைமாறியது. 2011 ஜனவரியிற் பீகிங்கின் தியென்னன்மென் சதுக்கத்தருகே 9.5 மீற்றர் உயரமான கொன்பூசியஸ் சிலை தோன்றி, ஏப்ரலில் நூதனசாலையின் உட்புறத்துக்கு இரவோடிரவாக நகர்ந்தது. 2013 இல் ஷி ஜின்பிங் சூபுவுக்கே சென்றார். இன்று அரசு விரும்பி எடுத்தாளுவன இணக்கம், ஒழுங்கு, மூத்தோரைப் பேணல் ஆகியவையே. மன்னனின் கடமையைப் பற்றிய பகுதி அவ்வளவாகக் கேட்பதில்லை. 1394 இன் வெட்டுக்கோல் இப்பொழுது தாளின்மீது நடப்பதில்லை, தேர்வின்மீது நடக்கிறது.

2013 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த முதியோர் பாதுகாப்புச் சட்டத்தை இங்கு நோக்கலாம். பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அவர்களை அடிக்கடி சென்று காணவேண்டும் என்கிறது அது. வேலை கொடுப்போர் அதற்கான விடுமுறையை மறுக்கலாகாது என்று அச்சட்டமே கூறுவதையும் நேர்மையுடன் குறிப்பிடவேண்டும். ஆயினும் 1980 முதல் 2015 வரை நிலவிய ஒரு பிள்ளைக் கொள்கையின் விளைவாகப் பல குடும்பங்களில் முதுமையின் பாரம் ஒரே தோளில் விழுகிறது. அத்தோளும் பெரும்பாலும் தொலைதூர நகரொன்றின் தொழிற்சாலையில் இருக்கிறது. மென்சியஸ் மகனின் கடமையை மறுத்தவரல்லர். ஆனால் அவர் மன்னரிடம் முதலிற் பேசியது வீட்டுக்கொல்லையில் மசுக்கட்டை நடுவதைப்பற்றி, கோழியும் பன்றியும் வளர்ப்பதைப்பற்றி. ஐம்பது வயதினர் பட்டுடுக்கவும் எழுபது வயதினர் இறைச்சி உண்ணவும் வழிசெய்வதைப்பற்றி. பள்ளிகளிற் பெற்றோர்பற்றைப் போதிப்பது அவருடைய வரிசையில் அதன் பின்னரே வருகிறது.