டோல் ஹவுஸின் மெல்லிய குக்கீ

சாக்லேட் சிப் குக்கீ தற்செயலாகப் பிறந்தது என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. மாவு பிசையும் நேரத்தில் கொட்டைப் பருப்பு தீர்ந்துபோனதாம். கையில் கிடைத்த சாக்லேட்டை உடைத்துப் போட்டாராம். அது கரையாமல் துண்டு துண்டாகவே நின்றுவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குக்கீயை உருவாக்கிய ரூத் வேக்ஃபீல்டின் படிப்பையும் உழைப்பையும் அது ஒரேயடியாக மறைத்துவிடுகிறது.

ரூத், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் கல்லூரியில் மனையியல் படித்து 1924இல் பட்டம் பெற்றவர். அதையே பள்ளியில் கற்பித்தவர். 1930இல் கணவர் கென்னத்துடன் சேர்ந்து விட்மன் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கி, டோல் ஹவுஸ் விடுதியை நடத்தத் தொடங்கினார். அங்கே ஐஸ்கிரீமோடு மெல்லிய பட்டர்ஸ்காட்ச் குக்கீ ஒன்றைப் பரிமாறுவது வழக்கம். வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. இருந்தும் புதிதாக ஒன்றைத் தரவேண்டுமென்று தாமே முயன்றதாகப் பிற்காலத்தில் ரூத் சொல்லியிருக்கிறார்.

1938இல் அவருடைய சமையல் நூலில் சாக்லேட் சேர்த்த அந்தப் புதிய குக்கீயின் செய்முறைக் குறிப்பு வெளியானது. வெண்ணெய் ஒரு கப், வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் முக்கால் முக்கால் கப், முட்டை இரண்டு, மைதா இரண்டேகால் கப். நெஸ்லே சாக்லேட் கட்டிகளைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிச் சேர்க்க வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் அடுத்ததுதான்: மாவை அரைத் தேக்கரண்டி அளவில் தட்டில் இட்டு, 375 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 10 முதல் 12 நிமிடம் சுடச் சொல்கிறார். இந்த அளவுக்கு 100 குக்கீ வரும். ஆக, முதல் சாக்லேட் சிப் குக்கீ ஒரே வாயில் போட்டு மெல்லக்கூடிய, சிறிய, மொறுமொறுப்பான பண்டம்.

மொறுமொறுப்புக்குக் காரணம் உண்டு. அவனில் வைத்ததும் வெண்ணெய் உருகி மாவு பரவுகிறது. முட்டையும் மைதாவும் இறுகும்வரை அந்தப் பரவல் நிற்காது. வெள்ளைச் சர்க்கரை கரைந்து பரவலைக் கூட்டுகிறது. ஆறியதும் கெட்டிப்பட்டு முறுகுகிறது. பழுப்புச் சர்க்கரையில் மொலாசஸ் பாகு இருப்பதால் ஈரம் தங்கி, நடுப்பகுதி இழுபடும் பதத்தில் நிற்கிறது. மாவைக் குளிரில் வைத்துச் சுட்டால் பரவல் குறையும். டோல் ஹவுஸில் மாவை இரவு முழுக்கக் குளிரவைத்து, மறுநாள் சிறு உருண்டைகளாக உருட்டி, விரல்நுனியால் தட்டையாக்கினார்கள். எல்லாம் ஒரே வட்டமாக வரவேண்டும் என்பதற்காக. இத்தனை கணக்கு வைத்திருந்தவரின் பண்டத்தைத் தற்செயல் என்பது அநியாயம்.

1939இல் நெஸ்லேவுக்குக் குறிப்பைப் பயன்படுத்த அனுமதி தந்தார். ஒப்புக்கொண்ட தொகை 1 டாலர். கூடவே சமையலுக்கு வேண்டிய சாக்லேட். அதே ஆண்டில் நெஸ்லே, நறுக்கும் வேலையே இல்லாத சாக்லேட் சிப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மாசசூசெட்ஸ் வீரர்களுக்கு வீட்டிலிருந்து போன பொட்டலங்களில் இந்தக் குக்கீ கடல் கடந்தது.

தடித்த, மென்மையான குக்கீயின் காலம் பின்னால் வந்தது. ரூத் 1977இல் காலமானார். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் டெபி ஃபீல்ட்ஸ் திறந்த கடை, சூடான மிருதுவான குக்கீயை நாடெங்கும் பழக்கியது. 1995இல் நியூயார்க்கில் தொடங்கிய லெவைன் பேக்கரியின் குக்கீ ஒன்று சுமார் 170 கிராம். நெஸ்லே பொட்டலத்தில் இன்று அச்சிடும் குறிப்பில்கூட, ஏறத்தாழ அதே மாவுக்கு 60 குக்கீதான்.