உறைவிந்துக் குச்சியும் நான் மறந்த ஒரு போனும்

போன வருஷம் ஆடி மாசம், விடிகாலையில் அம்மா போன். "மாடு ராவெல்லாம் கத்துச்சுய்யா. வேன் வந்துருச்சு, நான் கெளம்புறேன். டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிரு."

எங்க ஊர் சிவகாசிக்குப் பக்கம். பட்டாசு ஆபீஸ் வேன் யாருக்காகவும் நிக்காது. பெங்களூரில் இருந்த நான் "சரிம்மா"ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குள்ள போனவன், மறுநாள் மதியம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஊசி போட்டார். சினை பிடிக்கலை. அது மூணாவது தடவை. "மலடு போல, வித்துரலாம்"னு அப்பா சொல்ல ஆரம்பிச்சுட்டார். மனசு உறுத்தி, இந்த சினை ஊசியோட கதையைத் தேடிப் படிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

1780-ல் இத்தாலியின் ஸ்பல்லன்சானி ஒரு பெண் நாய்க்கு செயற்கை முறையில் கருவூட்டி, அது 62 நாளில் மூணு குட்டி போட்டது. மாட்டுக்கு நம்ம நாட்டில் முதலில் செய்து காட்டியவர் சம்பத்குமாரன். 1939, மைசூர் அரண்மனை பால்பண்ணை. ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் காளையின் விந்தைச் செலுத்தி 33 பசுக்களைச் சினையாக்கினார். ஹள்ளிகார் வண்டிக்கும் உழவுக்கும் பேர் போன இனம், பால் கம்மி. நான் வேலை பார்க்கிற ஊரில் இருந்து மூணு மணி நேரத் தூரத்தில் நடந்த சமாச்சாரம், எனக்கு இத்தனை நாள் தெரியாது!

1942-ல் இஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பட்டாச்சார்யா தலைமையில் இது பெரிய திட்டமாச்சு. பெங்களூர், கல்கத்தா, பாட்னா, மாண்ட்கோமரி (இன்னிக்கு பாகிஸ்தானில் இருக்கிற சாஹிவால்) என நாலு மையங்கள். 1943-ல் அலகாபாத்தில் முதல் எருமைக் கன்றும் பிறந்தது.

அப்போ பெரிய தலைவலி, விந்து சீக்கிரம் கெட்டுப் போறதுதான். 1940-ல் விஸ்கான்சினில் பிலிப்ஸும் லார்டியும் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து ஐஸ் குளிரில் வெச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும்னு காட்டினாங்க. உறைய வெச்சாலோ செத்துடும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடிச்ச இடம். 1949, லண்டன் மில்ஹில். கிறிஸ் போல்ஜும் கூட்டாளிகளும் சர்க்கரைக் கரைசலில் சேவல் விந்தை உறைய வெச்சுப் பார்த்துத் தோத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாள் மட்டும் ஒரு பாட்டில் வேலை செஞ்சது. பிரிச்சுப் பார்த்தா உள்ளே சர்க்கரையே இல்லை, கிளிசராலும் ஆல்புமினும். லேபிள் மாறிப் போச்சு! நம்ம ஆபீஸில் தப்பான கான்ஃபிக் ஃபைலால் ப்ரோக்ராம் ஓடின மாதிரி. வித்தியாசம் என்னன்னா, அவங்க ஏன் ஓடுச்சுன்னு தேடினாங்க; நாம கமிட் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவோம் ;-)

1951-ல் உறைவிந்தில் முதல் கன்று பிறந்தது. இன்னிக்கு ஊட்டியிலும் தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையிலும் கால் மில்லி பிடிக்கிற குச்சிகளில் அடைச்சு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுறாங்க. நம்ம கந்தக பூமி வெயிலிலும் அந்தக் குடுவைக்குள் வருஷக்கணக்கா அது காத்திருக்கும். காளை செத்துப் போயிருந்தாலும் கன்று பிறக்கும்.

ஆனா பசு காத்திருக்காது. அந்த முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம்தான். 1948-ல் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் எந்த நேரத்தில் ஊசி போட்டா எத்தனை சினை பிடிக்குதுன்னு கணக்கெடுத்தார். இன்னிக்கும் டாக்டர்கள் சொல்ற பாடம் அதுதான்: காலையில் அறிகுறி தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில். தவறினா இன்னும் 21 நாள் தண்டத் தீனி. ஹார்மோன் ஊசி போட்டு பருவத்தை வரவழைக்கிற வழியும் உண்டு. ஆனா பெரும்பாலும் எல்லாம் தொழுவத்தில் ஒருத்தர் பார்க்கிறதில்தான் இருக்கு. மாடு கத்துதா, கண்ணாடி மாதிரி கோழை ஒழுகுதான்னு விடிகாலையிலும் அந்தியிலும் பார்க்கணும். வெயில் காலத்தில் சத்தமே காட்டாமல் வந்து போகும், அதை ஊமைப் பருவம்பாங்க.

எங்க வீட்டில் பார்க்கிற ஆள் அம்மா மட்டும்தான். அந்த நேரத்தில் அவங்க வேனில் இருப்பாங்க. முதல் ரெண்டு தடவை வேலை முடிஞ்சு வந்துதான் கவனிச்சாங்களாம், ஊசியும் தள்ளிப் போச்சு. மூணாவதை நான் கெடுத்தேன். மாட்டு மேல மலடுன்னு பழி.

நாலாவது தடவை போன் வந்த அடுத்த நிமிஷம் டாக்டரைக் கூப்பிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே ஊசி. மூணு மாசம் கழிச்சு கை விட்டுப் பார்த்து "சினை நின்னுருச்சு"ன்னார். அப்பா அதுக்கப்புறம் விக்கிற பேச்சை எடுக்கலை.

டிஸ்கி: ஊருக்கு வெளியே வேலை பார்க்கிற மக்களே, வீட்டில் இருந்து மாட்டைப் பத்தி போன் வந்தா மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாப் போங்க. பின்னூட்டத்தில் உங்க வீட்டு மாட்டுக் கதையையும் சொல்லிட்டுப் போங்க.